மேடைக்கு முதுகு காட்டி நின்றவர்கள்

வியாழன், மான்டரே

மான்டரே கவுன்டியின் கண்காட்சித் திடலுக்குள் நுழைந்தால் முதலில் ஓக் மரங்கள், அப்புறம் வரிசையாகக் கொட்டகைகள். விவசாயக் கண்காட்சி நடத்த ஏற்பட்ட இடம். 1958 முதல் ஆண்டுதோறும் ஜாஸ் விழாவும் இங்கே நடக்கிறது. நான் வந்தது இரண்டுக்கும் இல்லை. 1967 ஜூன் 16, 17, 18 ஆகிய மூன்று நாட்கள் இந்தத் திடலில் ஒரு பாப் இசை விழா நடந்தது. அதன் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கையில் கேமரா எடுத்தேன்.

சென்னையில் கச்சேரிகளையும் மேடை நிகழ்ச்சிகளையும் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. ஹிப்பி காலத்து இசை விழாக்களைப் படம் எடுத்தவர்கள் எங்கே நின்றார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, கூட்டத்துக்கும் அவர்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம், இதையெல்லாம் அந்தந்த இடத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஃப்ரீமான்ட்டில் இருக்கும் சித்தி பையன் விடுப்பு போட்டுவிட்டு வண்டி ஓட்ட வந்திருக்கிறான். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிவிடுவதாக உத்தேசம்.

மேடை இருக்கும் திறந்தவெளி அரங்குக்கு இப்போது ஜிம்மி லயன்ஸ் மேடை என்று பெயர். ஜாஸ் விழாவைத் தொடங்கியவரின் பெயர் அது. கேட்டதும் ஊழியர் ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க விட்டார். இருக்கை போட்டால் சுமார் 7,000 பேர் உட்காரலாம். படங்களில் பார்த்து மனதில் பெரிதாக வைத்திருந்த இடம், நேரில் கைக்கு அடக்கமாக இருக்கிறது. மேடை விளிம்பில் நிற்கிறவருக்கும் முதல் வரிசைக்காரருக்கும் நடுவே தூரமென்று பெரிதாக ஒன்றும் இல்லை.

எட் கராஃப் என்ற பையனுக்கு அப்போது 17 வயது. பள்ளி மாணவன். கையில் இருந்தது இரவல் கேமரா, அவனுடைய கண் பரிசோதகர் கொடுத்தது. 18ஆம் தேதி இரவு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கடைசிப் பாட்டின்போது கிட்டாரைத் தரையில் கிடத்தி, லைட்டர் எண்ணெயைப் பீய்ச்சித் தீ வைத்தார். மேடையோரம் ஒரு நாற்காலியில் ஏறி நின்ற அந்தப் பையன் எடுத்த படம்தான் இன்று உலகமெங்கும் தெரிந்த படம். மண்டியிட்ட ஹெண்ட்ரிக்ஸ், மேலெழும் தீ, இன்னும் எழு என்று தீயைக் கூப்பிடும் விரல்கள். கூட நின்ற ஒரு ஜெர்மன் படக்காரர், ஹெண்ட்ரிக்ஸ் வரும்வரை பிலிமை மிச்சம் வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தாராம். ரோலில் மிச்சமிருந்த கடைசி பிரேமில்தான் அந்தத் தீ விழுந்தது என்று கராஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்குக் கேமரா பிடிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ரோலில் 36 படம். அது தீர்ந்தால் பிலிமைச் சுற்றி உள்ளே இழுத்து, பின்மூடியைத் திறந்து, புது ரோலின் நுனியைப் பல்சக்கரத்தில் மாட்டி, மூடி, இரண்டு தடவை ஓட்டிவிட்ட பிறகுதான் அடுத்த படம். கை பழகியவர்களுக்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த அரை நிமிடத்தில் கிட்டார் எரிந்தே போய்விடும். அதனால் ஒவ்வொரு பிரேமுக்கும் முன்னால் ஒரு யோசனை இருந்தது. ஒரு ரோலின் எல்லாப் படங்களையும் வரிசையாக ஒரே தாளில் அச்சிட்ட கான்டாக்ட் ஷீட்டில் அந்த யோசனை அப்படியே தெரியும்.

ஆனாலும் எனக்கு மான்டரே என்றால் முதலில் வருவது தீ இல்லை. ஞாயிறு பிற்பகல் ரவிசங்கர் சிதார் வாசித்தார், அல்லா ரக்கா தபலா. மற்றக் கலைஞர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காமல் வாசித்த விழாவில் பணம் கொடுத்து அழைக்கப்பட்டவர் ரவிசங்கர் ஒருவர்தான், 3,000 டாலர். டி.ஏ.பென்னிபேக்கர் எடுத்த ஆவணப்படத்தின் கடைசிப் பகுதி முழுக்க இந்தக் கச்சேரிதான். அதில் ரவிசங்கரின் முகம் எடுத்த எடுப்பிலேயே வராது. சிதார் ஒலித்துக்கொண்டே இருக்கும், கேமரா திடலில் அலையும். புல்லில் தூங்குகிறவர்கள், முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டவர்கள், கண்மூடிக் கேட்கிறவர்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஹெண்ட்ரிக்ஸ் கூட ஒரு ரசிகராக வந்து போவார். வெகுநேரம் கழித்துத்தான் வாசிக்கிறவர்களின் கைகளும் முகமும். அதே படத்தில் ஜானிஸ் ஜாப்ளின் பாடும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பாடகி காஸ் எலியட் வாய் பிளந்து 'வாவ்' என்று உதடசைப்பார். ஜாப்ளினின் பாட்டு எவ்வளவு பெரியது என்று எனக்குக் காட்டியது அந்த உதடுகள்தான்.

இந்தக் காலத்துப் படங்களை நான் நேசிப்பதற்கு முதல் காரணம் இதுதான். இசையைக் காட்ட, அதைக் கேட்கிற முகத்துக்குப் போனார்கள்.

மாலையில் கடற்கரைப் பக்கம் போனோம். கடும் குளிர். மான்டரேயில் ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளி, சான் பிரான்சிஸ்கோ

ஹைட் தெருவும் ஆஷ்பரி தெருவும் சந்திக்கும் மூலை, ஹிப்பிகள் கூடிய பகுதியின் நடுமையம். அங்கே எல்லாரும் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூலையில் எனக்கு வேலை அதிகம் இல்லை. சட்டைக் கடைகளும் பழைய இசைத்தட்டுக் கடைகளும் இருக்கின்றன. 1967, 68இல் எலேன் மேயஸ் என்ற பெண் படக்கலைஞர் இந்தத் தெருவில் வந்து போன இளைஞர்களை நிறுத்தி, நேருக்கு நேர் பார்க்க வைத்து எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். ஹிப்பி என்றால் பூவும் சிரிப்பும் என்று நினைத்திருக்கும் நமக்கு, அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் களைப்பும் பிடிவாதமும் புதிதாக இருக்கும். அவர் மான்டரே விழாவையும் எடுத்தவர்.

கியரி சாலையில் ஃபில்மோர் அரங்கம் இன்னும் நடக்கிறது. வாசலில் ஆப்பிள் வைத்து வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பழக்கத்தை அங்கே அந்த நாட்களில் கச்சேரிகளை நடத்திய பில் கிரஹாம் ஏற்படுத்தினார். இன்றும் அது தொடர்கிறது. அந்த நாட்களில் உள்ளே படம் எடுப்பது பெரும்பாடு. மேடைக்குப் பின்னால் திரை. குழிவான கண்ணாடித் தட்டில் எண்ணெயையும் சாயத் தண்ணீரையும் கலந்து, புரொஜெக்டரில் வைத்து அசைப்பார்கள். திரையில் நிறங்கள் நெளியும், பாடகர் மேலும் அதே நிறங்கள் வழியும். கண்ணுக்கு அற்புதம். பிலிமுக்கு அது வெளிச்சமே இல்லை. பிளாஷ் அடித்தால் நிறமெல்லாம் செத்துப்போகும். எனவே நொடியில் 15இல் ஒரு பங்கு, 8இல் ஒரு பங்கு என்று ஷட்டரைத் திறந்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். அசைவில் கலைந்துபோன அந்த உருவங்கள் பிறகு அந்தக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

அடுத்து பிரானன் தெரு 746ஆம் எண். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் முதல் இதழ், 1967 நவம்பர் 9 தேதியிட்டது, இந்த முகவரியிலிருந்து வந்தது. அதன் முதல் தலைமைப் படக்கலைஞர் பாரன் வோல்மன். தொடங்கும்போது பத்திரிகையிடம் பணம் இல்லை. சம்பளம் வேண்டாம், ஆனால் நான் எடுக்கும் படங்களின் உரிமை எனக்கே வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஒரு நிபந்தனைதான் பிற்பாடு அவருக்கு வாழ்நாள் முழுக்கச் சோறு போட்டது. இதே ஊர்க்காரர் ஜிம் மார்ஷல் இன்னும் கறார். மேடை, மேடைக்குப் பின்புறம், உடைமாற்றும் அறை, எங்கும் போகத் தடை இருக்கக் கூடாது, இல்லையென்றால் வரமாட்டேன் என்பார். மான்டரேயில் அவருக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. ஒத்திகையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் கலைஞர்களை அவ்வளவு பக்கத்தில் எடுக்க முடிந்தது அதனால்தான்.

இன்றைய நிலைமையை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. பெரிய நிகழ்ச்சிகளில் எங்களுக்கு முதல் மூன்று பாட்டு மட்டும்தான், அப்புறம் வெளியே அனுப்பிவிடுவார்கள். பாடுகிறவர் நான்காவது பாட்டில்தான் சூடு பிடிக்கிறார். சில வருடங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சியில், எடுத்த படங்கள் எல்லாவற்றின் உரிமையையும் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். கலைஞரோடு கூடவே இருந்து, அவருடைய களைப்பையும் கோபத்தையும் பார்த்து எடுக்கும் படத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

சனி, ஆல்டமான்ட்

காலையில் ஃப்ரீமான்ட்டிலிருந்து 580ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே. லிவர்மோர் தாண்டியதும் மரமே இல்லாத, காய்ந்த புல் போர்த்திய குன்றுகள். குன்றுகள் முழுக்கக் காற்றாலைகள். அவை 1980களில் வந்தவை, 1969இல் இங்கே வெறும் காற்றுதான். கார்ப் பந்தயத் திடல் 2008இல் மூடப்பட்டது. உள்ளே போக முடியாது. சாலையோரம் வண்டியை நிறுத்தி, வேலிக்கு வெளியே இருந்து பார்த்தோம்.

1969 டிசம்பர் 6. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இலவச நிகழ்ச்சி. முதலில் சியர்ஸ் பாயின்ட் என்ற இடத்துக்காகத் திட்டமிட்டு, கடைசி நேரத்தில் இங்கே மாற்றினார்கள். மேடையின் உயரம் ஒரு மீட்டர்தான். சியர்ஸ் பாயின்ட்டில் மேடை மேட்டின் மேல் இருந்திருக்கும், அது போதும். இங்கே மேடை சரிவின் அடியில் வந்து விழுந்தது. சுமார் 3 லட்சம் பேர் மேலிருந்து கீழே நெருக்கினார்கள். மேடையைச் சுற்றி நின்றது ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பல். 500 டாலர் பீருக்காக அவர்களை அழைத்தார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். பில்லியர்ட்ஸ் கோல்களால் கூட்டத்தை அடித்தார்கள். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் மார்ட்டி பாலினை மேடையிலேயே அடித்து நினைவிழக்கச் செய்தார்கள். கிரேட்ஃபுல் டெட் குழு வாசிக்காமலே திரும்பிப் போனது.

இரவில், ஸ்டோன்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, மேடைக்கு முன்னால் மெரிடித் ஹன்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். மேசில்ஸ் சகோதரர்களின் ஆவணப்படக் குழுவில் இருந்த ஒரு கேமரா அதைப் பதிவு செய்திருந்தது. எடுக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரியாமலே எடுத்த காட்சி. எடிட்டிங் மேசையில் ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்தபோது, உடன் வந்த பெண்ணின் வெளிர்நிற உடைக்கு எதிரே ஹன்டர் கையில் துப்பாக்கியின் வடிவம் தெரிந்தது. அந்தப் பிலிம் நீதிமன்றத்துக்குப் போனது. குத்தியவர் தற்காப்புக்காகச் செய்தார் என்று விடுதலையானார். ஹன்டரின் கல்லறை பல ஆண்டுகள் பெயர் எழுதிய கல் கூட இல்லாமல் கிடந்தது.

லிவர்மோர் ஊர்ப் பத்திரிகையில் படக்காரராக இருந்த பில் ஓவன்ஸ் அன்று ஒரு கோபுரச் சாரத்தின் மேலேறி எடுத்த படங்கள் எனக்கு முக்கியமானவை. மேலிருந்து பார்த்தால் மேடை ஒரு தீவு. சுற்றிலும் தலைகள், தலைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு வட்டம் வெற்றிடமாகிறது. அங்கே அடி விழுகிறது. அந்தப் படங்களைத் தன் பெயரில் வெளியிட அவருக்குப் பயம். வேறு பெயரில் வெளியிட்டார். சில வருடங்கள் கழித்து, இதே வட்டாரத்துப் புறநகர் வீடுகளையும் அதன் மனிதர்களையும் எடுத்து அவர் பெயர் பெற்றார் என்பது தனிக் கதை.

மான்டரேக்கும் ஆல்டமான்ட்டுக்கும் நடுவே இரண்டரை வருடம்தான். மான்டரேயில் கூட்டத்தின் பக்கம் திரும்பிய கேமரா மகிழ்ச்சியைக் கண்டது. இங்கே திரும்பிய கேமரா கண்டது பயத்தை. மேடையை மட்டும் எடுத்திருந்தால் ஆல்டமான்ட் இன்னொரு நல்ல கச்சேரியாகப் பதிவாகியிருக்கும். ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் அன்றும் ஆடினார், பாடினார்.

தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அக்கா, இந்தப் பையனோட பேரையே நான் கேட்டதில்லைங்க. ஸ்டோன்ஸ் பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம்" என்றான்.

திங்கள், வழியில்

அடுத்து பெத்தேல், 1969இல் உட்ஸ்டாக் இசை விழா நடந்த நியூயார்க் மாநிலத்து ஊர். விமானம், வாடகைக் கார், நியூ ஜெர்சி நெரிசல். எழுத ஒன்றும் இல்லை. விமான நிலையத்தில் விடும்போது தம்பி கேட்டதை மட்டும் குறித்து வைக்கிறேன். "அக்கா, உட்ஸ்டாக்குல பேசின சாமி நம்ம செட்டிபாளையத்துக்காரருங்களாமா? எங்கம்மா சொன்னாங்க." ஆமாம்டா, அவரேதான் என்றேன். சுவாமி சச்சிதானந்தா, 1914இல் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர். சித்தி வீடு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அந்த ஊர்ப் பேருந்தில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

செவ்வாய், பெத்தேல்

மான்டிசெல்லோவைத் தாண்டி 17பி சாலை. 1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, இந்தச் சாலையில் கார்களை அப்படியே விட்டுவிட்டு மக்கள் நடந்து போனார்கள். இன்று என் வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை. மாட்டுப் பண்ணைகள், சின்ன ஏரிகள், மேப்பிள் மரங்கள்.

மேக்ஸ் யாஸ்கரின் 600 ஏக்கர் பால் பண்ணையில் ஒரு வயல். வால்கில் என்ற ஊர் அனுமதி மறுத்துவிட்டதால், விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஏற்பாட்டாளர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். வேலி போடுவதா, மேடை கட்டுவதா, இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்ற நிலை வந்தபோது மேடையைத் தேர்ந்தெடுத்தார்கள். டிக்கெட் வாங்கியவர், வாங்காதவர் என்ற பேதம் அதோடு போயிற்று. 4 லட்சத்துக்கும் மேல் மக்கள் வந்ததாகக் கணக்கு.

ஹர்ட் சாலையும் வெஸ்ட் ஷோர் சாலையும் சேரும் முனையில் 1984இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் வயல் முழுவதும் தெரியும். பெரிய உருளி ஒன்றைச் சாய்த்து வைத்த மாதிரி நிலம் மூன்று பக்கமும் உயர்ந்து, அடியில் சமதளமாகிறது. மேடை நின்றது அந்த அடியில். இங்கே நின்றபோதுதான் படங்களில் எனக்குப் பிடிபடாத ஒன்று பிடிபட்டது. கூட்டத்தில் கடைசியில் இருந்தவரும் மேடையைப் பார்த்தார். மேடையில் நின்றவர் அத்தனை பேரையும் ஒரே பார்வையில் பார்த்தார். அந்தக் கூட்டத்தை ஒரே பிரேமில் அடக்க முடிந்ததற்கு லென்ஸ் காரணமில்லை, இந்தச் சரிவுதான் காரணம். சமதரையில் நடந்திருந்தால் முதல் இருபது வரிசை முகங்களுக்குப் பின்னால் ஒன்றும் தெரிந்திருக்காது.

விழாவின் முதல் கலைஞர் ரிச்சி ஹேவன்ஸ். மற்றவர்கள் நெரிசலில் சிக்கிக்கொண்டதால் மாலை ஐந்து மணி தாண்டி அவரை ஏற்றிவிட்டார்கள். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்த பிறகும் இறங்க விடாததால், ஒரு பழைய ஆன்மிகப் பாட்டை எடுத்து 'விடுதலை, விடுதலை' என்று மேடையிலேயே வளர்த்தார். அவருக்குப் பிறகுதான் சச்சிதானந்தா பேசினார். சாலை அடைத்திருந்ததால் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். பொருளால் உலகுக்கு உதவும் அமெரிக்கா ஆன்மிகத்தாலும் உதவ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார்.

அந்தக் காட்சியை மார்க் கோஃப் என்பவர் எடுத்த படம் ஒன்று உண்டு. மில்வாக்கியில் வெளிவந்த ஒரு மாற்றுப் பத்திரிகைக்காக வந்தவர் அவர். சுவாமிக்குப் பின்னால் நின்று எடுத்திருக்கிறார். சுவாமியின் முதுகு, சுற்றிலும் சீடர்கள், அவருக்கு எதிரே எல்லையே தெரியாமல் மக்கள். முகத்தைக் காட்டும் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. எனக்கு இதுதான் அந்த மாலை. செட்டிபாளையத்திலிருந்து கிளம்பிய ஒருவர் என்ன பார்த்துக்கொண்டு பேசினார் என்பது இந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது. மேடை இருந்த இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்தேன். வெறும் புல்தான். இருந்தும் கால் நகர மறுத்தது.

அன்று இரவு மழையில் ரவிசங்கர் வாசித்தார். மான்டரேயில் அவருக்குக் கிடைத்த அமைதி இங்கே இல்லை. இந்த விழா தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

புதன், பெத்தேல், அருங்காட்சியகம்

கேபிள் தொலைக்காட்சித் தொழிலில் சம்பாதித்த ஆலன் கெரி என்ற உள்ளூர்க்காரர் 1996இல் இந்த வயலை வாங்கினார். 2006இல் கலை மையம் திறந்தது, 2008இல் அருங்காட்சியகம். 2017இல் வயல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஒரு தனியார் வாங்கிய நிலத்தில் வீட்டுமனை போடாமல் புல்லை அப்படியே விட்டு வைத்திருப்பதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

உள்ளே நான் தேடியது இரவுப் படங்களை. மேடை விளக்குகளைத் தாங்க வேண்டிய கூரை கட்டி முடிக்கப்படவே இல்லை. விளக்குப் பொறுப்பாளர் சிப் மாங்க் கொண்டுவந்த விளக்குகள் மேடைக்கு அடியில் கிடந்தன. கோபுரங்களிலிருந்து அடிக்கும் ஒற்றை விளக்குகளை வைத்தே மூன்று இரவும் ஓட்டினார்கள். அதனால் உட்ஸ்டாக் இரவுப் படங்களில் முகம் பளீரென்று இருக்கும், பின்னால் எதுவும் இருக்காது. வெளிச்சமானி கறுப்பைப் பார்த்து ஏமாந்து முகத்தை வெளுத்துவிடும் என்பதால், அனுபவக்காரர்கள் அதை நம்பாமல் கண்ணளவில் வைத்தார்கள். கறுப்பு வெள்ளைக்கு டிரை-எக்ஸ் பிலிம், வெளிச்சத்தை உணரும் அதன் வேகம் 400. இருட்டு கூடினால் 800, 1600 என்று வைத்து எடுத்து, இருட்டறையில் கூடுதல் நேரம் கழுவுவார்கள். மணல் மணலாக வரும். வண்ணத்தில் கோடாக்ரோம் அழகு, ஆனால் அதன் வேகம் 25 அல்லது 64தான், பகல் வெயிலுக்கு மட்டும் ஆகும். அதனால் கழுத்தில் ஒன்றுக்கு இரண்டு கேமரா. ஞாயிறு பிற்பகல் புயல்மழை வந்தபோது மனிதர்களுக்கு முன் கேமராவுக்குத்தான் பிளாஸ்டிக் உறை போட்டார்கள்.

விழாவின் அதிகாரப்பூர்வப் படக்காரர் ஹென்றி டில்ட்ஸ். பாஞ்சோ வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன இசைக்கலைஞர் அவர். 1966இல் பயணத்தின் நடுவே ஒரு பழைய பொருள் கடையில் மலிவாகக் கேமரா வாங்கப் போய் இந்தப் பக்கம் வந்தவர். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே இங்கே வந்து, தச்சர்கள் மேடை கட்டுவதை எடுத்தார். சட்டையில்லாத பிள்ளைகள் மரம் சுமக்கிறார்கள், பின்னால் யாரும் இல்லாத பச்சை வயல். விழாப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்கிறது.

பாரன் வோல்மனும் இங்கே வந்திருந்தார். மேடையில் நின்று எடுக்க அவரிடம் அனுமதி இருந்தும் பெரும்பாலான நேரத்தைக் கூட்டத்துக்குள்ளேயே செலவழித்தார். பர்க் அஸல் இன்னும் ஒரு படி மேல். அவரை யாரும் அனுப்பவில்லை, குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்க வந்தவர். ஞாயிறு விடியற்காலை, எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும் சரிவில், ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிப்பிடித்து நிற்கும் ஒரு ஜோடியை எடுத்தார். பக்கத்தில் ஒரு கம்பில் வண்ணத்துப்பூச்சிப் பொம்மை. 1970இல் வந்த மூன்று தட்டு இசைத்தொகுப்பின் அட்டை அந்தப் படம்தான். இசைத்தொகுப்பின் அட்டையில் ஒரு பாடகர் கூட இல்லை! மேடையே படத்தில் இல்லை. 30க்கும் மேற்பட்ட கலைஞர்கள் வாசித்த விழாவுக்கு, பெயர் தெரியாத இருவரின் விடியற்காலைதான் முகமாயிற்று. பின்னால் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு இந்த வட்டாரத்திலேயே வாழ்ந்தார்கள்.

திங்கள் காலை ஒன்பது மணி சுமாருக்கு ஹெண்ட்ரிக்ஸ் ஏறினார். நிகழ்ச்சி அவ்வளவு தாமதம். பெரும்பாலோர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வெள்ளைத் தோல் சட்டை, தொங்கும் குஞ்சங்கள், சிவப்புத் தலைத்துணி. அமெரிக்க தேசிய கீதத்தைக் கிட்டாரில் குண்டுச் சத்தமாக, சைரனாக, ஓலமாக மாற்றினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. டில்ட்ஸ் சில அடி தூரத்தில் மேடையில் நின்றார். அவர் படங்களில் காலை வெயில் தெளிவாக இருக்கிறது. மற்ற சில படங்களில் ஹெண்ட்ரிக்ஸுக்கு எதிரே சேறும், ஈரப் போர்வைகளும், குப்பையும், எழுந்து நிற்கும் கொஞ்சம் பேரும் தெரிகிறார்கள். அவரை மட்டும் பார்த்தால் இமயம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தக் காலை முழுசாகக் கிடைக்கிறது.

வியாழன், உட்ஸ்டாக் ஊர்

பெயர் கொடுத்த ஊரையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். விழா நடந்தது இங்கே என்று நினைத்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடைக்காரர்கள் சலிக்காமல் வழி சொல்கிறார்கள். பாப் டிலனையும் தி பேண்ட் குழுவையும் இந்தப் பகுதியில் எடுத்தவர் எலியட் லேண்டி. விழாவையும் அவர் எடுத்தார். கடைகளில் இருந்த அவருடைய படங்களைப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்ததோடு சரி. ஊர் அழகு, ஆனால் நான் தேடி வந்தது பெத்தேலிலேயே கிடைத்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பெத்தேலுக்கு நியூயார்க்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் ஆகும். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வயலை நடந்து பார்க்கவே அரை நாள் வேண்டும்; கடைகள் போட்டிருந்த காட்டுக்குள்ளும் போங்கள்.

இன்னொன்று, இது எனக்கு முக்கியம். மார்க் கோஃப் எடுத்த நெகட்டிவ்களில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது. அறுபதுகளில் அமெரிக்காவில் படிக்கப் போன தமிழர்கள் பலர். அவர்களில் யாராவது கழுத்தில் கேமராவோடு இந்த வயலுக்கோ, மான்டரேக்கோ, வேறு ஏதாவது ஒரு பூங்காக் கச்சேரிக்கோ போயிருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் இப்போதே கேளுங்கள். பழைய பிலிம் சுருளில் புளித்த காடி வாசனை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் வைத்து, சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள். மங்கிப்போனது, ஆடிப்போனது, மேடையே தெரியாதது என்று எதையும் ஒதுக்க வேண்டாம். எனக்கு எழுதுங்கள், என்னால் ஆன உதவியைச் செய்கிறேன். பெத்தேல் அருங்காட்சியகமும் அன்று வந்தவர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிவு செய்து சேர்த்து வருகிறது. ஒரு தமிழ்க் குரலாவது அதில் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.